எடின்பரோ குளிர்காலத்தில் தேர்வுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

செப்டம்பரில் இங்கே ஸ்காட்லாந்துக்குப் படிக்க வந்து இறங்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த ஜாக்கெட் நல்லது, தெர்மல் எத்தனை செட் வேண்டும் என்று. குளிருக்குத் துணி இருக்கிறது, அறையில் ஹீட்டரும் இருக்கிறது. நான் பயப்படச் சொல்வது இருட்டைத்தான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அடுத்த நாள் சாயங்காலமே வித்தியாசம் தெரிந்துவிடும். டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் காலை 8.40 வாக்கில் உதித்து, பிற்பகல் 3.40-க்கெல்லாம் மறைந்துவிடும். நடுப்பகலில்கூட அடிவானத்திலிருந்து சுமார் 11 பாகைக்கு மேல் ஏறாது. அதே நாளில் சென்னையில் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கும். நம் முதல் பருவத் தேர்வுகள் வருவதும் இந்த டிசம்பரில்தான்.

எனக்கு முதலில் மாறியது தூக்கம். ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் காலையில் உடம்பு எழுந்திருக்க மறுக்கும். சாதம், ரொட்டி, இனிப்பு என்றே நாக்கு கேட்கும். நூலகத்தில் உட்கார்ந்தால் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். மனச்சோர்வு என்றால் தூக்கமும் பசியும் போய்விடும் என்று கேள்விப்பட்டிருப்போம். குளிர்கால மனச்சோர்வில் பெரும்பாலும் இரண்டுமே கூடும். அதனால்தான் பலர் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். 1984-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் இதைத் தனி நிலையாக விவரித்தார்கள். ரோசந்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து அங்கே குடியேறியவர். குளிர்காலத்தில் தனக்கே உடம்பும் மனமும் மந்தமாவதைக் கவனித்தவர். வெயிலில் வளர்ந்து வடக்கே வந்த நமக்கு அது நன்றாகவே புரியும்.

காலையில் கண்ணில் படும் வெளிச்சம்தான் உடலின் கடிகாரத்தைச் சரி செய்கிறது. தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனினும் அப்போதுதான் அடங்குகிறது. விடியலே எட்டரைக்கு மேல் என்றால் அந்தக் கடிகாரம் தள்ளித் தள்ளிப் போகும். ஆகவே படிப்பு அட்டவணை போடும்போது பாடத்துக்கு முன்னால் வெளிச்சத்துக்கு இடம் போடுங்கள். ஒன்பதரை மணிக்கு மெடோஸ் பூங்காவில் அரைமணி நேரம் நடை. மேகம் மூடியிருந்தாலும் போங்கள். மேகமூட்டமான பகலிலும் திறந்தவெளியில் ஆயிரம் லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் கிடைக்கும். நன்றாக விளக்குப் போட்ட அறையில் 300 முதல் 500 வரைதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால் யாரும் இதை நம்ப மாட்டார்கள். நூலகத்தில் ஜன்னலோர மேசையைப் பிடியுங்கள். மனப்பாடம், பழைய கேள்வித்தாள் எல்லாவற்றையும் நான்கு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இருட்டில் செய்ய அவை போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு சின்ன நடை. வெளிச்சம் இருக்கும் நேரத்தை அறைக்குள் தூங்கிக் கழித்துவிட்டு ராத்திரி இரண்டு மணி வரை படிக்கும் பழக்கம் ஊரில் தாங்கும், இங்கே தாங்காது.

காலை வெளிச்சத்துக்கு ஈடாக மேசையில் வைக்கும் வெளிச்சச் சிகிச்சை விளக்கு வாங்குவதானால் 10,000 லக்ஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எவ்வளவு தூரத்தில் அந்த அளவு கிடைக்கும் என்பதும் பெட்டியிலேயே இருக்கும். அதைத் தாண்டித் தள்ளி வைத்தால் பயனில்லை. என் மேசையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் சற்றுச் சாய்வாக இருக்கும். எழுந்த உடனே காபியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதன் முன்னால் முந்தைய நாள் குறிப்புகளைப் புரட்டுவேன். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. சாயங்காலம் போட்டால் தூக்கம் கெடும். கண் நோய் உள்ளவர்களும் இருமுனை மனநோய் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வைட்டமின் டி மாத்திரை தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோருக்கும், நம் நிறத் தோல் உள்ளவர்களுக்கு வருடம் முழுக்கவும் இந்த நாட்டுச் சுகாதாரத் துறை சொல்வது இதுதான். ஆனால் அது எலும்புக்கும் தசைக்கும். மனச்சோர்வுக்கு மருந்து என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். சைவர்கள் விலங்குப் பொருள் கலந்திருக்கிறதா என்று அட்டையைப் படித்து வாங்குங்கள்.

அப்புறம், வீட்டுக்குப் பேசும் நேரம். குளிர்காலத்தில் ஊர் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே. இங்கே நான்கு மணிக்கு இருட்டி மனசு கனக்கும்போது அங்கே இரவு ஒன்பதரை, அம்மா படுக்கப் போயிருப்பார். காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மதியம் ஒன்றரை, சாவகாசமாகப் பேசலாம், நமக்கும் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். சாயங்காலத்துக்கு இங்கேயே ஒருவர் வேண்டும். சேர்ந்து சமைக்கிற ஒரே ஒரு நட்பு போதும். டிசம்பர் 25 அன்று பேருந்து குறைவாகத்தான் ஓடும், கடை பெரும்பாலும் இருக்காது, விடுதியும் காலியாகிவிடும். அந்த வாரம் யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்று நவம்பரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால், வகுப்புக்குப் போவதே நின்றுபோனால், மருத்துவரிடம் போய்விடுங்கள். விசாவோடு மருத்துவக் கட்டணத்தைக் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறோம். ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டுக்கும் காசு இல்லை. வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய, உங்கள் சம்மதமில்லாமல் பெற்றோருக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்ல மாட்டார்கள். தேர்வுக்கு அவகாசம் கேட்பதானால் மதிப்பெண் வரும்வரை காத்திருக்காமல் முன்பே துறையில் சொல்லுங்கள், மருத்துவர் கடிதம் அதற்கும் உதவும். உயிரை விடத் தோன்றினால், நேரம் காலம் பார்க்காமல் 116 123-க்குக் கூப்பிடுங்கள். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்டு ஆறுதல் தரும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண். இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். தேசிய சுகாதாரச் சேவையின் 111-லும் மனநல உதவி கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் 999.

தேர்வு முடிந்ததும் விளக்கை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் பலர். ஜனவரி கடைசியில்தான் சூரியன் மறைவது 4.40-ஐத் தொடும், காலையோ அப்போதும் எட்டு மணிக்கு மேல்தான் விடியும். மார்ச் வரை அது மேசையிலேயே இருக்கட்டும்.