கையில் 5 கிலோ, தசைக்கு 35 கிலோ

முழங்கையை மடக்கி உள்ளங்கையில் 5 கிலோ எடையைப் பிடித்தபடி நின்றால், மேற்கைத் தசை எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தசை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி எலும்பில் ஒட்டியிருக்கிறது, எடையோ 35 செ.மீ. தள்ளி, ஆக நெம்புகோல் விதிப்படி (இரு பக்கமும் விசை × மூட்டிலிருந்து தூரம் சமமாக இருக்க வேண்டும்) கிட்டத்தட்ட 35 கிலோவுக்குச் சமமான இழுப்பு! முன்கையின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. என்னடா இது, இவ்வளவு மோசமான வடிவமைப்பா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது: தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7 செ.மீ. நகரும், விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறது உடம்பு. (17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞரான பொரெல்லி எலும்புகளை நெம்புகோல்களாகப் பார்த்துவிட்டார்.) சரி, ஒரே தசை என்பது நான் வசதிக்காக வைத்துக்கொண்டது, நிஜத்தில் முக்கியமாக மூன்று தசைகள் சேர்ந்து மடக்குகின்றன, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கப்போனால் தெரியாத விசைகள் மூன்று, மூட்டுக்கான சமன்பாடோ ஒன்றுதான், போதவில்லை, தலைவலி அங்கேதான் ஆரம்பம்.