ஒப்பிட வேண்டியது ஃபுளுகோனசோலோடு அல்ல

எங்கள் புதிய சேர்மத்துக்குக் கிராண்ட், அதாவது காப்புரிமை, வந்துவிட்டது. 2022 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம், 2025 ஆகஸ்டில் முடிந்தது. இதில் ஒரு வருடத்தையாவது வீணடித்தது நாங்களும் எங்கள் காப்புரிமை ஏஜென்ட்டும்தான். அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. அதே வழியில் போகிறவர்கள் அந்த ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சேர்மம் ஒரு பென்சிமிடசோல் வகை. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்தது. இரண்டு பயன்: கேண்டிடா பூஞ்சைக்கு எதிராக வேலை செய்கிறது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்புத் தகட்டைத் துரு நீக்க முக்கும்போது இரும்பு கரைந்து போகாமலும் தடுக்கிறது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம், ஏனென்றால் இரண்டையும் கட்டிப்போடும் பொதுச் சரடு அந்தப் புதிய சேர்மம். அதை முதல் கிளெய்மாக (உரிமைக் கோரிக்கையாக) வைத்ததால், ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கண்டுபிடிப்பு என்ற யூனிட்டி ஆட்சேபம் வரவே இல்லை.

கட்டணம் எளிது. கல்வி நிறுவனம் என்பதால் சலுகைக் கட்டணத்துக்கான ஃபார்ம் 28 வைத்து, இணையவழியில் 1,600 ரூபாய். 30 பக்கத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 160, 10 கிளெய்முக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 320. எங்களுடையது 34 பக்கம், 14 கிளெய்ம். ஆக மொத்தம் 3,520. பின்னால் அந்த 14-இல் ஐந்தை வெட்ட வேண்டி வந்தது. அந்தக் கூடுதல் 1,280 ரூபாய் தண்டம்.

முதல் அடி விண்ணப்பப் படிவமான ஃபார்ம் 1-இல். அதன் 12-ஆம் பத்தியில் வரிசையாக உறுதிமொழிகள் இருக்கும். பொருந்தாததை அடிக்க வேண்டும். ‘இந்தியாவிலிருந்து பெற்ற உயிரியல் பொருள் இதில் பயன்படுத்தப்பட்டுள்ளது, உரிய அனுமதி பின்னர் தரப்படும்’ என்ற பொருளில் ஒரு வரி அங்கே இருக்கிறது. ஏஜென்ட் அலுவலகத்தில் பழைய படிவத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த வரி அடிபடவில்லை. எக்ஸாமினர் சும்மா இருப்பாரா? தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி எங்கே என்று கேட்டுவிட்டார். எங்கள் சேர்மம் முழுக்கச் செயற்கை, சோதித்த பூஞ்சையும் அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகமான ஏடிசிசி-யிலிருந்து வந்தது. ஏஜென்ட் அதைக்கூட யோசிக்காமல் ஆணையத்துக்கு விண்ணப்பிக்கக் காகிதம் சேர்க்கச் சொன்னார். ஆறு வாரம் போனது. கடைசியில் தேவைப்பட்டது திருத்தம் கோரும் ஃபார்ம் 13, திருத்திய ஃபார்ம் 1, மூலப்பொருள் எல்லாம் எங்கே வாங்கியது என்று அரைப் பக்க விளக்கம். அவ்வளவுதான். செடியோ, மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரோ உண்மையிலேயே பயன்படுத்தியிருந்தால் கதை வேறு. அப்போது கிராண்டுக்கு முன் ஆணையத்தின் கதவைத் தட்டியே ஆக வேண்டும்.

அதே படிவத்தில் இன்னொன்று. நம் ஊர்ப் பெயர்களில் முன்னெழுத்து ஒரு தலைவலி. கண்டுபிடிப்பாளர் பெயர் ஃபார்ம் 1-இல் முன்னெழுத்தோடும், கண்டுபிடிப்பாளர் யார் என்று அறிவிக்கும் ஃபார்ம் 5-இல் அப்பா பெயரை விரித்தும் இருந்தால் இரண்டு பேர் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஒரே எழுத்துக்கோவையை எல்லாக் காகிதத்திலும் வையுங்கள். ஆராய்ச்சி மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்ல என்பதால், உரிமையைக் கல்லூரிக்கு மாற்றித் தரும் கையெழுத்து கட்டாயம். விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு என்று விட்டால், மாணவர் ஜெர்மனிக்குப் போய்விடுவார், நீங்கள் கூரியருக்குக் காத்திருப்பீர்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாளிலேயே வாங்கி வைப்பது நல்லது. ஆய்வேடு என்றதும் நினைவுக்கு வருகிறது: ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் விண்ணப்பத்துக்கு முன்பே ஏறிய ஆய்வேடு முன்வெளியீடுதான். உங்கள் ஆய்வேட்டையே உங்களுக்கு எதிராக எடுத்து வைப்பார்கள். எங்கள் மாணவரின் கருத்தரங்கச் சுருக்கம் ஒன்றை எக்ஸாமினர் தேடிப் பிடித்தார். நல்லவேளை, அதில் தலைப்பும் ‘புதிய பென்சிமிடசோல்கள்’ என்ற சொல்லும்தான் இருந்தன, கட்டமைப்பு இல்லை. தப்பித்தோம்.

எஃப்இஆர் (முதல் பரிசீலனை அறிக்கை) 2024 ஜூனில் வந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஆகஸ்டில். பதில் தர ஆறு மாதம், அது அறிக்கை வெளியான நாளிலிருந்து ஓடும். மின்னஞ்சலை யார் எப்போது திறந்தார் என்பது கணக்கில்லை. தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். ஃபார்ம் 4 போட்டு மூன்று மாதம் நீட்டலாம், மாதக் கணக்கில் கட்டணம். 2024 மார்ச் விதித் திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு விண்ணப்ப விவரம் தரும் ஃபார்ம் 3-க்கும் எஃப்இஆர் தேதியிலிருந்து மூன்று மாதம்தான். எங்களுக்கு அதில் மிஞ்சியது மூன்று வாரம். ஏஜென்ட் இருக்கிறாரே என்று இருக்காதீர்கள். விண்ணப்ப எண்ணை வைத்து இணையத்தில் நிலையைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

இனி மெயின் சமாச்சாரம். காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி). அறிந்த பொருளின் புதிய வடிவம் திறன் கூடியது என்று காட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்பது அது.

நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்தை இதே சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்ததும், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். பலர் அதை ‘உப்பு, படிகம் இதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது’ என்று சுருக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவின் விளக்கப் பகுதியில், பட்டியலின் கடைசியில் ‘பிற வழிப்பொருள்கள்’ என்றும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எக்ஸாமினர் மறக்கவில்லை. ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையை டி1, அதாவது முதல் ஒப்பீட்டு ஆவணம், என்று வைத்தார்: எங்கள் சேர்மத்தில் பியூட்டைல் இருக்கும் இடத்தில் அதில் மெத்தைல். மற்றபடி அச்சு அசல். எங்களுடையது அறிந்த பொருளின் வழிப்பொருள், திறன் கூடியதற்குச் சான்று இல்லை என்று ஆட்சேபம்.

சான்று இருந்தது, ஆனால் தவறான சான்று. எங்கள் அட்டவணை முழுக்க, சந்தையில் இருக்கும் பூஞ்சை மருந்தான ஃபுளுகோனசோலோடு ஒப்பீடு. ஆய்விதழுக்கு அது சரி. 3(டி)-க்கு அதனால் ஒரு பைசா பயனில்லை. அது கேட்பது சந்தையில் இருக்கும் மருந்தைவிட நல்லதா என்றல்ல. அந்த ‘அறிந்த பொருளை’விடத் திறன் கூடியதா என்று. இந்த ஒரு வேறுபாடு முன்பே புரிந்திருந்தால் நான்கு மாத வேலை மிச்சம்.

ஆட்சேபத்தில் எந்தப் பொருள் ‘அறிந்த பொருள்’ என்று சொல்லப்படவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள். டிஎஸ் பயோஃபார்மா வழக்கில் 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அந்த வழி இல்லை, டி1 தெளிவாகவே இருந்தது.

ஆக, டி1 சேர்மத்தை நாங்களே செய்தோம். கட்டுரையில் உள்ள முறையில்தான் செய்ய வேண்டும். நம் வசதிக்கு வேறு வழியில் செய்தால் அதே பொருளா என்ற கேள்வி வரும். முதல் தடவை உருகுநிலை கட்டுரையில் உள்ளதைவிட நான்கு டிகிரி குறைவு. எத்தனாலில் இரண்டு முறை மறுபடிகமாக்கிய பிறகே பொருந்தியது. என்எம்ஆர், நிறை நிறமாலை, எச்பிஎல்சி தூய்மை மூன்றையும் இரண்டு சேர்மத்துக்கும் எடுத்து இணைத்தோம். தூய்மை குறைந்த டி1-ஐ வைத்துக்கொண்டு எங்களுடையது சிறந்தது என்றால் யார் நம்புவார்?

எம்ஐசி (பூஞ்சை வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. நுண்குழித் தட்டில் இரட்டிப்பு நீர்த்தல் முறையில், ஒரு படி மேலே கீழே வருவது முறையின் இயல்பான பிழை. எங்களுடையது மில்லிலிட்டருக்கு 8, டி1 16 மைக்ரோகிராம் என்று வந்தால் அது வேறுபாடே இல்லை. குறைந்தது நான்கு மடங்காவது இருந்தால்தான் வாயைத் திறக்கலாம். இரண்டு சேர்மத்தையும் ஒரே தட்டில், ஒரே நாளில், அதே அளவு டிஎம்எஸ்ஓ கரைப்பானோடு ஓட்டுங்கள். தரக் கட்டுப்பாட்டுக்கு ஏடிசிசி 22019, 6258 என்ற பூஞ்சை வகைகள் இரண்டையும் வையுங்கள். ஃபுளுகோனசோலுக்கு இங்கே உரிய இடம் அந்தக் கட்டுப்பாட்டுக் குழிகள்தான்.

இந்தத் தரவை விஞ்ஞானியின் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தோம். பின்னால் கொடுக்கும் தரவு, ஸ்பெசிஃபிகேஷனில் (விண்ணப்பத்தோடு தந்த கண்டுபிடிப்பு விவரணையில்) ஏற்கெனவே சொன்னதை உறுதிப்படுத்தலாம். இல்லாத ஒன்றைப் புதிதாக நுழைக்க முடியாது. எங்கள் அதிர்ஷ்டம், சங்கிலி நீளம் கூடக்கூடச் செயல்திறன் கூடுகிறது என்று ஒரு வரியும் சிறு அட்டவணையும் முதலிலேயே இருந்தன. அந்த வரி இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேறு முடிவு.

துருத் தடுப்புப் பக்கம் எளிதாகப் போகும் என்று நினைத்தோம். அங்கேயும் டி1-ஐ வைத்து ஒப்பிடச் சொன்னார்கள். மென் எஃகுத் தகடு, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 30 டிகிரி, 6 மணி நேரம், எடை இழப்பு. ஒவ்வொன்றும் மூன்று தகடு. இதில் செய்த தப்பு: முதலில் பிபிஎம் அளவில், அதாவது எடைக் கணக்கில் ஒப்பிட்டோம். பியூட்டைல் சேர்மத்தின் மூலக்கூறு எடை அதிகம், ஆகவே ஒரே பிபிஎம்மில் மூலக்கூறுகள் குறைவு. நமக்கு நாமே குழி வெட்டிக்கொண்டது போல. மூலக்கூறு எண்ணிக்கை சமமாக வரும் மோலார் கணக்கில் திரும்பச் செய்தோம். கூடவே 60 டிகிரியிலும் செய்யுங்கள். சூடு கூடும்போது பரப்பிலிருந்து கழன்றுவிடும் தடுப்பான் அறை வெப்பத்தில் அழகாகத் தெரியும், தொழிற்சாலைத் தொட்டியில் கைவிடும்.

வெட்டப்பட்ட ஐந்து கிளெய்ம்களைப் பற்றி. ‘இச்சேர்மத்தைத் தரும் சிகிச்சை முறை’ என்று இரண்டு: சிகிச்சை முறைக்குக் காப்புரிமை தராத பிரிவு 3(ஐ)-யில் போயின. ‘துருத் தடுப்பானாகப் பயன்பாடு’ என்று ஒன்று: பயன்பாடு என்பது பொருளுமல்ல, செய்முறையுமல்ல. அதையே முதலிலிருந்து ‘அமிலத் தொட்டியில் இவ்வளவு சேர்த்து அரிப்பைத் தடுக்கும் முறை’ என்று எழுதியிருந்தால் நின்றிருக்கும். பொட்டாசியம் அயோடைடு கலந்த கலவை என்று இரண்டு: வெறும் கலவையை ஏற்காத பிரிவு 3(இ). இது தனி, அது தனி, இரண்டும் சேர்ந்து என மூன்று வரி அட்டவணை இல்லாமல் கலவை கேட்கக் கூடாது. அதிலும் அயோடைடு கரிமத் தடுப்பான்களுக்குக் கை கொடுப்பது ஊரறிந்த விஷயம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் பிரிவு 59 குறுக்கே நிற்கும். சுருக்கலாம், திருத்தலாம், விரிக்க முடியாது. சிகிச்சை முறையை மருந்துக் கலவையாக மாற்றிக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள்.

ஹியரிங்குக்கு (கன்ட்ரோலர் முன் விசாரணைக்கு) முந்தைய வாரம் ஒரு குலை நடுக்கம். முதல் கிளெய்மில் உள்ள கட்டமைப்புப் படத்தில், பிடிஎஃப் ஆக்கும்போது சங்கிலியின் கடைசிக் கோடு மறைந்து, பியூட்டைல் புரோப்பைலாகத் தெரிந்தது. மூன்று வருடம் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்திலேயே ஐயுபிஏசி முறைப்படியான வேதிப்பெயரும், எடுத்துக்காட்டில் நிறை நிறமாலை எண்ணும் இருந்ததால் வெளிப்படையான எழுத்துப் பிழை என்று ஏற்றுக்கொண்டார்கள். படத்தை மட்டும் நம்பாதீர்கள், பெயரையும் எழுதுங்கள். ஏற்றிய பிறகு பிடிஎஃப்-ஐத் திரும்ப இறக்கி, 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வொரு பிணைப்பாக எண்ணுங்கள்.

ஹியரிங் காணொளியில் நடந்தது. எம்ஐசி மட்டும் சிகிச்சைத் திறன் ஆகுமா என்று கேட்டார் கன்ட்ரோலர். பூஞ்சைக்கொல்லிக்குக் கிருமியைத் தடுப்பதே செயல், உறிஞ்சப்படும் அளவு போன்ற துணைப் பண்பு அல்ல என்று சொன்னோம். செல் நச்சுத் தரவையும் கொடுத்தோம்; நச்சு குறைவது திறனில் சேருமா என்பதை 2013 தீர்ப்பு முடிவு செய்யாமல் விட்டதால் அதை முதல் வாதமாக வைக்கவில்லை. எழுத்து வாதத்துக்கு 15 நாள். பன்னிரண்டாம் நாளே ஏற்றினோம்; இம்முறை ஏஜென்ட்டை நம்பாமல் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கினோம்.

கிராண்ட் ஆனதும் ஓய்ந்துவிடாதீர்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுப் புதுப்பிப்பு நிலுவை, தலா 800, மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டியிருந்தது. காப்புரிமை பயன்பாட்டில் உள்ளதா என்று தெரிவிக்கும் ஃபார்ம் 27 இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை. எங்களுக்கு 2026 ஏப்ரலில் கணக்கு தொடங்கி, 2029 செப்டம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும். அதை ஏஜென்ட் காலண்டரிலும், ஆய்வகச் சுவரிலும், கல்லூரி அலுவலகக் கோப்பின் மேல் அட்டையிலும் எழுதி வைத்திருக்கிறோம்.