மாதத்தில் இரண்டு ஞாயிறுகள்

மணவிலக்குத் தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகள் தாயோடு பாளையங்கோட்டையில் வளர்கிறாள். நான் என் தாயோடு திருநெல்வேலி டவுனில் இருக்கிறேன். மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை அவள் என்னோடு இருக்கலாம் என்பது குடும்ப நல நீதிமன்றத்தின் உத்தரவு.

சென்ற ஆனியில் ஒருநாள் தொலைபேசியில், "அப்பா, ஆச்சி வீட்டு மச்சில நின்னு தேர் பாக்கணும்" என்றாள். நெல்லையப்பர் தேரோட்டம் என் ஞாயிற்றில் அமையவில்லை. அவள் தாயிடம் கேட்டேன். உத்தரவில் இல்லாததற்கு ஒப்ப முடியாது என்றார். எங்கள் பழைய சண்டைகளை நினைத்தால் அந்த அச்சத்திலும் நியாயம் உண்டு. தனி மனு போடலாம் என்றார் வழக்கறிஞர். ஆனால் அது நீதிமன்றத்தில் எண்ணிடப்பட்டு, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய், விசாரணைக்கு வருவதற்குள் தேர் நிலைக்கு வந்திருக்கும்.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (சிறார்) மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையையே இயற்கைக் காப்பாளர் என்கிறது, அவருக்குப் பின்னரே தாய். ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்றும், எல்லாவற்றுக்கும் மேலானது பிள்ளையின் நலனே என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் 'பின்னர்' என்ற சொல்லுக்குத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் பொருள்கொள்ளக் கூடாது என 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நியாயமான தீர்ப்பு. தந்தை என்பதற்காக முன்னுரிமை கேட்கும் ஆண்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நான் கேட்பது வேறு: வீட்டுப்பாடம், காய்ச்சல், பள்ளிக் கூட்டம் ஆகிய சாதாரண நாள்களில் ஒரு பங்கு. தாய், தந்தை இருவரின் அன்பும் அருகிருப்பும் பிள்ளையின் அடிப்படை மனித உரிமை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. கூட்டுப் பொறுப்பில் வளர்ப்பதற்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சட்டம் இன்னும் திருத்தப்படவில்லை.

தேர் முடிந்து வந்த ஞாயிறன்று அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆச்சி வைத்த சொதியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நான்கரை மணி ஆனதும், யாரும் சொல்லாமலே, தன் செருப்பை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.