கூப்பிட்டால் வரும் செம்பன்: எட்டு வாரக் குறிப்பு

செம்பன் ஒன்றரை வயது நாட்டு நாய். செவலை நிறம், எடை 16 கிலோ. வளர்ப்பது தம்பி. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கம். வீட்டைச் சுற்றித் தென்னை விளை (தோப்பு), அதைத் தாண்டினால் ரப்பர் தோட்டம், கேட்டுக்கு வெளியே பஸ் போகும் ரோடு. கேட் திறந்தால் வெளியே ஓடிவிடும், கூப்பிட்டால் திரும்பாது. ரோட்டை நினைத்தால் மற்ற சேட்டைகள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நோட்டில் இரண்டு கட்டம் போட்டோம். ஒன்றில் செம்பன் எத்தனை முறை வந்தது என்ற கணக்கு, இன்னொன்றில் தம்பி எத்தனை முறை கத்தினான் என்ற கணக்கு. முதல் நாள் சாயங்காலம் ஒரு தடவை உள்ளே கொண்டுவர அவன் கூப்பிட்டது 23 முறை. "லேய் மக்கா, அதுக்கு காதெல்லாம் நல்லாத்தான் கேக்கு. இருவத்திமூணாவது வாட்டி வந்தாப் போதும்னு நீதான படிப்பிச்சு வச்சிருக்க" என்று அவனைக் கேலி செய்தோம். கேலியாகச் சொன்னாலும் நடந்தது அதுதான். முதல் 22 முறை கூப்பிட்டபோது வந்தாலும் வராவிட்டாலும் நாய்க்கு ஒன்றும் மாறவில்லை. கடைசியில் குரல் உடைந்து, கையில் கம்பெடுத்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வருகிறது. போதாததற்கு, வந்தவுடன் சங்கிலி, இல்லாவிட்டால் குளிப்பு. எந்த நாயும் இதில் தெளிவாகக் கற்றுக்கொள்ளும்: "வா" என்றால் விளையாட்டு முடிந்தது.

அதனால் பழைய சொல்லை அப்படியே விட்டுவிட்டோம். அம்மா "இஞ்ச வா" என்பார், அப்பா நாக்கைச் சொடுக்குவார், தம்பி "கம், கம்" என்பான். மூன்றும் தேய்ந்து போன சொற்கள், வீட்டில் மற்றவர்களைக் கூப்பிடவும் நாள் முழுக்கப் புழங்குகிறவை. புதிதாக "ஓடியா" என்று ஒன்றைப் பிடித்தோம். கடைசியில் நீட்டிக் கூப்பிட வசதியான உயிர் ஓசை இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கும் சொல்வதில்லை. இந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு முறைதான் சொல்ல வேண்டும், சொன்னால் கட்டாயம் தீனி உண்டு.

முதல் மூன்று நாள் நடு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. செம்பன் பக்கத்தில் நிற்கும்போதே "ஓடியா" என்று சொல்லி, ஒரு விநாடிக்குள் ஒரு துண்டு வாயில். நாய் ஒன்றும் செய்யத் தேவையில்லை, சொல்லும் ருசியும் ஒட்டினால் போதும். ஒரு அமர்வுக்கு 10 துண்டு, நாளைக்கு மூன்று அமர்வு. இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டக்கூடாது.

இவ்வளவு எளிதான வேலையிலும் ஒரு பிழை நுழையும், பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. தம்பி தீனியை லுங்கி மடியில் முடிந்து வைத்திருந்தான். கை முதலில் மடிக்குப் போகும், பிறகுதான் வாய் திறக்கும். இரண்டாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது செம்பனின் கண் தம்பியின் முகத்துக்குப் போகவே இல்லை. வலது கைவிரல் அசைந்ததும் காது முன்னால் வருகிறது, மூக்கு நனைகிறது. சொல் வந்து சேரும்போது அதன் கவனம் முழுக்க மடியில். கை முந்தினால் நாய் கையைத்தான் கற்கும், சொல் வெறும் இரைச்சலாகப் போகும். இவான் பாவ்லவ் 1904இல் நோபல் பரிசு வாங்கியது செரிமான ஆய்வுக்கு. அதே ஆய்வகத்து நாய்களிடம்தான், தீனிக்கு முந்தி வரும் சத்தமே எச்சில் ஊற வைப்பதைப் பார்த்தார். முந்தி வர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தீர்வு: தீனியை மூடியில்லாத எவர்சில்வர் கிண்ணத்தில் அலமாரி மேல் வைத்து, கையைத் தொடையில் ஒட்டவைத்துக்கொண்டு, சொல்லி முடித்த பிறகு மட்டும் கையை நகர்த்துவது. இரண்டு நாளில் செம்பன் முகத்தைப் பார்க்கத் தொடங்கியது.

தீனி பற்றி. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கியது. 100 கிராமுக்கு நூறு துண்டுக்கு மேல் வரும். பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். இந்த வெக்கையில் வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மீன் வாசத்துக்கு செம்பன் உயிரை விடும் என்று சாளை அவித்துப் பார்த்தோம். முள் எடுப்பதற்குள் உதிர்ந்துவிடுகிறது, கையெல்லாம் எண்ணெய், தரையில் சிந்தியதை மோந்துகொண்டே நிற்கிறது. வேலைக்கு ஆகாது. நெத்திலிக் கருவாடு உப்பு, வேண்டாம். வீட்டுக்குள் செய்யும் எளிய பயிற்சிக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) போதும், விலையும் குறைவு. பச்சைக் கிழங்கை ஒருபோதும் கொடுக்கக்கூடாது, அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புத் துண்டும், திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. பயிற்சியில் கொடுத்த அளவை ராத்திரிச் சோற்றில் குறைத்துவிட வேண்டும்.

இரண்டாம் வாரம் விளைக்குள், கயிறோடு. 8 மீட்டர் பருத்திக் கயிறு, சின்ன விரல் கனம். பிளாஸ்டிக் கயிறு ஓடும்போது உள்ளங்கையை அறுத்துவிடும். தும்புக் கயிறு நனைந்தால் கனத்துப் போகும். கழுத்துப் பட்டையில் கட்டக்கூடாது, மார்புப் பெல்ட்டில்தான் மாட்ட வேண்டும். நாய் முழு வேகத்தில் ஓடிக் கயிறு முடிகிற இடத்தில் கழுத்தைச் சுண்டி இழுப்பது ஆபத்தானது. கயிற்றின் நுனியில் முடிச்சோ வளையமோ வைக்கவே வேண்டாம், தென்னங்குற்றியில் மாட்டும். கயிறு, நாய் ஓடிப்போகாமல் தடுக்க மட்டும். அதைப் பிடித்து இழுத்து வரவழைத்தால் நாய் வந்ததாகக் கணக்கில்லை.

கூப்பிட்டு மூன்று விநாடியில் திரும்பவில்லையென்றால் இரண்டாம் முறை கூப்பிடாமல், நாக்கால் சத்தம் எழுப்பி, முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் நாலு எட்டு ஓட வேண்டும். ஓடுகிறவரைத் துரத்துவது நாயின் சுபாவம். நாம் துரத்தினால் அது ஓடும், நாம் ஓடினால் அது துரத்தும். வந்ததும் முதலில் கை தாடைக்குக் கீழே போய்ப் பட்டையைத் தொட வேண்டும், பிறகு தீனி, பிறகு "போ" என்று விட்டுவிட வேண்டும். பட்டையைத் தொடாமல் கொடுத்தால் ஒரு கை தூரத்தில் நின்று தின்றுவிட்டுத் துள்ளி ஓடப் பழகும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனால் பின்வாங்கும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை மறுபடி விளையாட விட்டோம். குளிப்புக்கும் சங்கிலிக்கும் கூப்பிடுவதே இல்லை, நாமே போய்ப் பிடித்து வருவோம்.

இந்த வாரம் கேலி ஒரு கருவியாகவும் ஆனது. தம்பி கூப்பிடும்போது பக்கத்தில் ஒருவர் சத்தமாக எண்ணுவது: "ஒண்ணு…" இரண்டாம் எண் வாயில் வருவதற்குள் அவன் நிறுத்திக்கொள்வான். பழக வேண்டியது மனிதர் நாக்கு என்பதால் இது நன்றாக வேலை செய்கிறது, எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஆனால் சிரிப்புக்கு நேரம் உண்டு. செம்பன் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும்போது முற்றத்தில் நின்று எல்லோரும் சிரிப்பதும், தம்பி பின்னால் ஓடுவதும் வழக்கம். அந்தச் சிரிப்பும் ஓட்டமும்தான் அதற்குக் கூலி. சிரிப்பை அடக்கி, யாரும் எழுந்திருக்காமல் இருந்தபோது முதல் நான்கு நாள் செருப்புக் களவு கூடியது. கிடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோனால் முதலில் முயற்சி ஏறும், அப்போது ஒரு தடவை துரத்தினாலும் பழக்கம் முன்னைவிட உறுதியாகும். ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது. ஆகவே தம்பியை வாரவேண்டியது எல்லாம் நாய் வந்து தீனி தின்று முடித்த பிறகுதான்.

மூன்றாம் வாரம் மழை, வீட்டுக்குள்ளேயே போனது.

நான்காம் வாரத்தில் அம்மா "ஓடியா" என்று கூப்பிட்டு உண்ணி மருந்து தடவிவிட்டார். மறுநாள் விளையில் ஐந்து தடவைக்கு இரண்டு தடவைதான் வந்தது. ஒரே ஒரு கசப்பு இவ்வளவு இழுத்துவிடும். இரண்டு நாள் மறுபடி நடு அறைக்குத் திரும்பி, முதல் நாள்போல வெறும் சொல்லும் தீனியும் கொடுத்துச் சரிசெய்தோம். அடுப்படிச் சுவரில் "ஓடியா = தீனி மட்டும்" என்று எழுதி ஒட்டியாயிற்று.

ஆறாம் வாரம் முட்டம் கடற்கரை, காலை 6 மணி. மணல் சுட்டால் பாதம் வெந்துவிடும் என்பதால் அந்த நேரம். முதல் நாள் முழுத் தோல்வி, ஒரு முறைகூட வரவில்லை. காரணம் எங்கள் அவசரம்: இடமும் புதிது, தூரமும் 8 மீட்டர், எதிரே நண்டு, வலையில் காகங்கள். தூரம், நேரம், கவனச்சிதறல் மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும். மறுநாள் 2 மீட்டரிலிருந்து தொடங்கினோம், வந்தது. இங்கே இன்னொன்றும் தெரிந்தது. காற்று குரலைக் கொண்டுபோய்விடுகிறது. அதனால் விசில் பழக்கினோம்: விசில், ஒரு விநாடி இடைவெளி, "ஓடியா", தீனி. புதிய குறி முன்னால், தெரிந்த குறி பின்னால். மாற்றி வைத்தால் விசில் ஒட்டாது. ஐம்பது அறுபது தடவைக்குப் பிறகு விசில் மட்டுமே போதுமாயிற்று. விசிலுக்குக் கோபமும் தெரியாது, அது ஒரு பெரிய வசதி.

கடற்கரைக்கு நாயைக் கொண்டுபோகிறவர்கள், கிடப்பதை வாயில் எடுக்காமல் விடச் சொல்லும் "விடு" என்ற சொல்லையும் பழக்காமல் கயிறை அவிழ்க்க வேண்டாம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும், பந்துபோல உப்பும் பேத்தை மீனில் கொல்லும் நஞ்சு இருக்கிறது, காய்ந்தாலும் போகாது. இரை கோத்த தூண்டில் முள்ளும் கிடக்கும்.

எட்டாம் வாரக் கடைசியில் நோட்டு: விளையில் கயிறில்லாமல் 10க்கு 9, கடற்கரையில் கயிறோடு 10க்கு 7, கேட் திறந்திருக்கும்போது கயிறோடு 10க்கு 8. வராத இரண்டும் ஆடு போன நேரம். கேட்டருகே இன்னும் கயிறு இல்லாமல் விடுவதில்லை, ஆட்டுக்கு முன்னால் 10க்கு 10 மூன்று நாள் தொடர்ந்து வரும்வரை விடப்போவதுமில்லை. தம்பியின் கட்டத்தில் நேற்று சாயங்காலம் 1. "இப்ப சொல்லு அக்கா, யாருக்கு யாரு படிப்பிச்சா?" என்றான். சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா "செம்பா, இஞ்ச வா, இஞ்ச வா, இஞ்ச வா" என்று மூன்று முறை கூப்பிட்டார். தம்பி நோட்டை எடுத்து அம்மாவுக்கு ஒரு கட்டம் போட்டான்.