பொது அடுப்பு

நண்பர் எழுதிய கதைக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். கதையில் ஒரு பெண் துணி மடிக்கிறாள். அவ்வளவுதான். அந்த அன்றாடத் தன்மையைச் சொல்ல ஓர் ஆங்கிலச் சொல் வேண்டும்.

'ஆர்டினரி' என்று தட்டினேன். அழித்தேன். கதையே சுமார் என்று படித்துவிடுவார்.

'மண்டேன்' (mundane)? 'உலகம்' என்னும் லத்தீன் சொல்லில் பிறந்தது. உலகத்துக்குரியது என்பதுதான் மூலப்பொருள். இன்று அதில் சலிப்பு ஏறிவிட்டது.

'பனால்' (banal) இன்னும் கடுமை.

இடைக்கால பிரான்சில், நிலப்பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும், அவருடைய அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இருந்தது. அந்த ஆலைக்கும் அடுப்புக்கும் உரிய சொல்தான் 'பனால்'. எல்லோருக்கும் பொதுவானது என்ற பொருள், போகப்போகப் புதுமையற்றது, சாரமற்றது என்று தேய்ந்துபோனது.

எத்தனை வீட்டு ரொட்டி வெந்த அடுப்பு! அதன் பெயர் வசைச்சொல் ஆனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கடைசியில் 'குவோட்டிடியன்' (quotidian) என்று எழுதினேன். அதன் வேர் 'நாள்தோறும்' என்பது. கொஞ்சம் படாடோபமான சொல்தான். ஆனால் அதில் ஏளனம் இல்லை.

அந்தப் பெண் நாளையும் துணி மடிப்பாள்.