அண்ணை கனடா போயிட்டார், சேர்வர் இங்க நிக்குது

எங்கட ஒபிஸில சேர்வர் ரூம் எண்டு சொல்லுறது மாடிப்படிக்குக் கீழ இருக்கிற ஒரு சின்ன அறைதான். ஒரு ஏசி, ஒரு ராக், ராக்குக்கு மேல நீல மட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி. அந்தக் கொப்பிய எழுதினது எனக்கு முதல் இந்த வேலையப் பாத்த அண்ணை. புதுசா ஒரு விண்டோஸ் சேர்வர் போடேக்க என்னென்ன செய்யவேணும் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நல்ல வடிவான கையெழுத்தில எழுதி வச்சிருந்தார், எங்க கிளிக் பண்ணுறது, எந்தச் சேர்விஸ நிப்பாட்டுறது, எல்லாம். அவர் கனடாவுக்குப் போகேக்க அந்தக் கொப்பியத் தந்து "தம்பி, இதில எல்லாம் இருக்கு" எண்டுதான் சொல்லிட்டுப் போனவர். யாழ்ப்பாணத்தில ஐடி வேலை செய்யிற ஆக்களுக்கு இது தெரிஞ்ச கதைதான், ஒரு இடத்தில ரெண்டு மூண்டு வருசம் நிண்டு எல்லாத்தையும் கையில பழகின ஆள் ஒரு நாள் விசா வந்திட்டுது எண்டு போயிடுவார்.

2023 செப்டெம்பர் தொடக்கத்தில எங்கட பில்லிங் சேர்வரப் புதுசாக் கட்டவேண்டி வந்தது. பழையது சேர்வர் 2012 ஆர்2, அதுக்கு மைக்ரோசொப்ட் 2023 ஒக்டோபர் 10ஓட சப்போர்ட்ட நிப்பாட்டுது எண்டு முந்தியே சொல்லியாச்சு. நான் ஒரு சனிக்கிழமை விடிய வந்து இருந்து, கொப்பியத் திறந்து வச்சு, சேர்வர் 2022 போட்டு, ஒவ்வொரு வரியாச் செய்து பென்சிலால சரி போட்டுக்கொண்டு வந்தன். பின்னேரம் முடிஞ்சுது. திங்கக்கிழமை எல்லாம் ஓடிச்சுது. எனக்குச் சரியான சந்தோசம்.

செப்டெம்பர் 13 புதன்கிழமை காலமை பில்லிங் புரோகிராம் பில் எழுத ஏலாது எண்டு எரர் அடிச்சுது. ஏன் எண்டு பாத்தா, 13/09 எண்டு குடுத்த திகதிய அது 13ஆம் மாசம் எண்டு வாசிக்குது! புது சேர்வரில சிஸ்டம் எக்கவுண்டுக்கு, அதாவது பின்னால தானா ஓடுற புரோகிராமுகள் பாவிக்கிற எக்கவுண்டுக்கு, திகதி போமாட் அமெரிக்க முறையில, மாசம் முதல் நாள் பிறகு எண்டு நிக்குது. அப்ப அந்தத் திங்கக்கிழமையில இருந்து 12ஆம் திகதி வரைக்கும் எழுதின பில் எல்லாம்? எரர் இல்லாமலே பிழையாப் பதிஞ்சு போயிருந்தது. 5/9 எண்டு எழுதின கடன் பில் மே 9 எண்டு நிக்குது. 9/9 அண்டு எழுதின பில் மட்டும்தான் சரி.

அதுக்குள்ள சாவகச்சேரியில கடை வச்சிருக்கிற ஒரு ஐயாவுக்கு, நாலு மாசமாக் காசு கட்டேல்ல எண்டு எங்கட ஒபிஸில இருந்து கோல் போயிட்டுது. அவர் சாமான் எடுத்தே ஒரு கிழமைதான் ஆகுது. மனிசன் நேர வந்து நிண்டார், சத்தம் போடேல்ல, "முப்பது வருசமா உங்களிட்ட எடுக்கிறன், ஒரு நாள் பிந்தினனானோ" எண்டு மட்டும் கேட்டார். எனக்கு அந்த முகம் இண்டைக்கும் நிக்குது. பிறகு எக்கவுண்ட்ஸ் அக்காவும் நானும் மூண்டு நாள் இருந்து பில் புத்தகத்தோட ஒத்துப் பாத்து ஒவ்வொண்டாத் திருத்தினம்.

புதன்கிழமை இரவு எட்டுக்கு அண்ணைக்கு வட்சப்பில எடுத்தன், அங்க காலமை பத்தரை. "ரீஜியன் செற்றிங்ஸ் மாத்து எண்டு கொப்பியில இருந்தது அண்ணை, நானும் மாத்தினனான், பிறகும் ஏன்" எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுச் சொன்னார், "அட்மினிஸ்ரேட்டிவ் டாபுக்குள்ள போய் கொப்பி செற்றிங்ஸ் (Copy settings) எண்ட பட்டன அமத்தி, வெல்கம் ஸ்கிறீனுக்கும் சிஸ்டம் எக்கவுண்டுக்கும் எண்டு ஒரு டிக் போடவேணுமடா. நான் அதக் கை பழக்கத்தில செய்யிறனான், எழுதேல்லையோ?"

எழுதேல்ல. அவரில பிழை சொல்லவே மாட்டன், அவ்வளவு கவனமான ஆள். ஆனா கொப்பி எண்டது மனிசன் என்ன செய்தவர் எண்டதத்தான் சொல்லும், அதுவும் அவருக்கு ஞாபகம் வந்த அளவுக்கு. சேர்வர் இப்ப எப்பிடி நிக்கவேணும் எண்டு அது சொல்லாது, நிக்குதோ எண்டு பாக்கவும் மாட்டுது. அந்தக் கிழமைதான் கொன்பிகரேசன் மனேஜ்மண்ட் எண்டதப் படிக்கத் தொடங்கினனான், சேர்வர் எப்பிடி நிக்கவேணும் எண்டு பைலில எழுதி வச்சு அப்பிடியே நிக்குதோ எண்டு ஒரு புரோகிராமால பாக்கிற முறை அது, அதுக்கு முதல் அது நூறு சேர்வர் வச்சிருக்கிற ஆக்களின்ர விசயம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், எங்களிட்ட இருக்கிறது ஏழு.

விண்டோஸுக்குக் கொமாண்டுகள வரிசையா எழுதி ஓடவிடுற சாதாரண பவர்ஷெல் ஸ்கிரிப்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு கேக்கிற தம்பிமாருக்கு நான் தண்ணித் தொட்டியத்தான் காட்டுறனான். ஸ்கிரிப்ட் எண்டது கிணத்தடி மோட்டர் சுவிச்சப் போடுற ஆள் மாதிரி, தொட்டியில தண்ணி இருக்கோ இல்லையோ போட்டுவிடுவார், நிரம்பி வழிஞ்சாலும் அவருக்குத் தெரியாது. இது தொட்டிக்குள்ள மிதக்கிற அந்த பந்து சுவிச் மாதிரி. தண்ணி இந்தளவு நிக்கவேணும் எண்டு வச்சாச் சரி, குறைஞ்சா மோட்டர் ஓடும், நிரம்பியிருந்தா ஒண்டும் செய்யாது. பத்துத்தரம் ஓடவிட்டாலும் முடிவு ஒண்டுதான்.

நான் முதல்ல பிடிச்சது டிஎஸ்சி (Desired State Configuration), அது விண்டோஸோடயே வாறது, 2013இல சேர்வர் 2012 ஆர்2ஓட வந்தது. என்ன வேணும் எண்டு எழுதினா அது எம்ஓஎப் எண்டொரு பைலா மாறி, சேர்வருக்குள்ள இருக்கிற லோக்கல் கொன்பிகரேசன் மனேஜரிட்டப் போகும், அது 15 நிமிசத்துக்கு ஒருக்கா எல்லாம் சொன்ன மாதிரி நிக்குதோ எண்டு பாக்கும், நாங்கள் அப்பிடிச் சொல்லியிருந்தாத் தானே திருத்தியும் விடும். நல்ல சாமான், ஆனா ஏழு சேர்வருக்கு, அதுகள் தங்கட பைல எடுக்கிறதுக்கு எண்டு புல் சேர்வர் எல்லாம் கட்டி மினக்கெட எனக்கு நேரம் காணாது. அதோட டிஎஸ்சி 3 எண்டு 2025இல வந்ததில அந்த மனேஜரே இல்லை.

அதால இதே வேலையச் செய்யிற இன்னொரு சொப்ட்வெயாரான அன்சிபிளுக்குப் போனன். அன்சிபிள ஓட்டுற கொம்பியூட்டர் விண்டோஸா இருக்க ஏலாது, லினக்ஸ் மாதிரி ஒண்டு வேணும், அதுக்கு என்ர லப்டொப்பில, விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ ஓட்டுற டபிள்யூஎஸ்எல் போட்டு உபுண்டு ஏத்தினன், காணும். சேர்வர் பக்கம் புதுசா ஒரு ஏஜண்டும் போடத் தேவையில்லை, விண்டோஸத் தூர இருந்து இயக்கிற வின்ஆர்எம்தான் வழி, அதின்ர போர்ட் 5985 எண்டா எச்டிடிபி, 5986 எண்டா எச்டிடிபிஎஸ். இதில ஒண்டு கட்டாயம் சொல்லவேணும். இன்ரநெட்டில கிடைக்கிற ஒரு செற்றப் ஸ்கிரிப்ட எடுத்து ஓடவிட்டு பேசிக் ஓதண்டிகேசன (பாஸ்வேர்ட மறைக்காம அனுப்பிற முறை) திறந்து விட்டிட்டு இருக்கிற ஆக்களப் பாத்திருக்கிறன், தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ, அது படிச்சுப் பாக்கிறதுக்குத்தான். டொமைன் இருந்தா கேர்பரோஸ் (பாஸ்வேர்ட நெட்வேர்க்கில அனுப்பாம ஆள அடையாளம் காணுற முறை) பாவியுங்கோ, பயர்வோலில உங்கட மிசினுக்கு மட்டும் விடுங்கோ, பாஸ்வேர்ட அன்சிபிளின்ர வோல்ட் எண்ட பூட்டின பைலுக்குள்ள போடுங்கோ.

நான் முதல் எழுதின ரெண்டு விசயம் என்ன எண்டு நீங்களே சொல்லுவியள். வின் ரீஜியன் எண்டு ஒரு மொடியூல் இருக்கு, அதில போமாட் பிரிட்டிஷ் ஆங்கிலம் எண்டு போட்டு, கீழ கொப்பி செற்றிங்ஸ் எண்ட வரிக்கு யெஸ் போட்டன். அண்ணை கை பழக்கத்தில போட்டுக்கொண்டிருந்த அந்த டிக், இப்ப ஒரு வரியா எழுத்தில நிக்குது. ரெண்டாவது, டைம்சோன் ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்.

பிறகு ஒண்டையும் மாத்தாமல் செக் மோடில ஏழு சேர்வருக்கும் ஓடவிட்டன், என்ன மாத்தியிருப்பன் எண்டு மட்டும் சொல்லும். அண்டைக்குத்தான் எங்கட சேர்வருகள நான் முதல் முதல் பாத்தன் எண்டு சொல்லலாம். ரெண்டு சேர்வர் இந்தியா ஸ்டாண்டர்ட் டைமில நிக்குது, ரெண்டு நாட்டுக்கும் அஞ்சரை மணித்தியாலம்தானே, ஒருத்தருக்கும் தெரியவரேல்ல. அத விடு, அதோட சேர்த்துக் கையாலயும் பாக்கேக்க, பைல் சேர்வரில எஸ்எம்பி 1 எண்ட பழைய பைல் பகிர்ற முறை திறந்து கிடக்குது. 2017 மே மாசம் வன்னாகிரை எண்ட, பைல்களப் பூட்டிக் காசு கேக்கிற வைரஸ் வந்து உலகத்தையே ஆட்டினது அதில இருந்த ஓட்டையாலதான், அதுக்குப் பச் அந்த மார்ச்சிலயே வந்திட்டுது எண்டாலும் அத மூடச் சொல்லி மைக்ரோசொப்டே கத்தினது. கிளறிப் பாத்தா, பழைய போட்டோகொப்பி மிசின் ஸ்கான் பண்ணி போல்டருக்கு அனுப்புறதுக்கு ஆரோ திறந்திருக்கினம். மிசின இமெயிலுக்கு அனுப்பிற மாதிரி மாத்திப்போட்டு, எஸ்எம்பி 1 இருக்கக்கூடாது எண்டு பைலில ஒரு வரி.

இப்ப அப்டேட்டும் இதாலதான் போகுது, சனிக்கிழமை இரவு, சீரியல் 1 எண்டு குடுத்து, ஒண்டு றீஸ்டாட் ஆகி எழும்பின பிறகுதான் மற்றதத் தொடும். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்ட நாட்கள் இருந்ததல்லோ, அப்ப அரைவாசியில நிண்ட அப்டேட்ட எங்க விட்டனான் எண்டு தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன மாசமும் நடுவில கரண்ட் போய், யூபிஎஸ் இறங்கி, எல்லாம் ஓப். கரண்ட் வந்தாப் பிறகு அதே கொமாண்டத் திருப்ப அடிச்சன், செய்து முடிச்சதெல்லாத்தையும் ஓகே ஓகே எண்டு தாண்டிப் போய் நிண்ட இடத்தில இருந்து செய்துது, நான் தேத்தண்ணியோட பாத்துக்கொண்டிருந்தன்.

எல்லாமே இதுக்குள்ள வராது. சைலண்டா இன்ஸ்டோல் ஆகாத பழைய சொப்ட்வெயார் ஒண்டு இருக்கு, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் எண்டு ஆள் இருந்துதான் அமத்தவேணும். அதையும் பைலில கொமண்டா எழுதி வச்சிருக்கிறன்.

பைல் எல்லாம் கிட் (Git) எண்ட, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற சொப்ட்வெயாரில இருக்கு. நான் எனக்கு வச்ச சட்டம் ஒண்டுதான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் எண்டு ஒரு வசனம், தமிழில எண்டாலும் பறவாயில்லை. போன கிழமை கொக்குவிலில இருந்து ஒரு பெடியன் புதுசா வந்து சேர்ந்தவன், முதல் நாளே பைலத் திறந்து குடுத்தன். கொஞ்ச நேரத்தால "அண்ணை, இதில ஏன் ஒரு சாவகச்சேரி ஐயாவப் பற்றி எழுதியிருக்கு" எண்டு கேட்டான். கொப்பி செற்றிங்ஸ் வரிக்கு மேல நான் எழுதின கொமண்ட்தான் அது. கதை முழுக்கச் சொன்னன். அந்த வரியில கை வைக்க மாட்டான் இனி.

இன்னும் பிரிண்டர்கள் பைலுக்குள்ள வரேல்ல, பருத்தித்துறை பிராஞ்சிலயும் கிளிநொச்சியிலயும் டிரைவர் ஆளுக்கொரு மாதிரி நிக்குது. அவனும் நானும் இந்தச் சனிக்கிழமை அதிலதான் இருக்கப்போறம். நீல மட்டைக் கொப்பியில பிரிண்டருக்கு எண்டு நாலு பக்கம் இருக்கு, அதையும் கையோட எடுத்துக்கொண்டுதான் போறம்.