15 விழுக்காடு யாருக்கு?

மலேசியாவில் பட்ஜெட் பேச்சு வந்தாலே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை முதல் மஸ்ஜித் இந்தியா துணிக்கடை வரை, “சிறு தொழிலுக்கு வரி 15 விழுக்காடுதான்” என்று ஒரே மகிழ்ச்சி. பொறுங்கள் அண்ணே! அது செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) போன்ற சிறு நிறுவனங்களுக்கு. அதுவும் முதல் 150,000 ரிங்கிட்டுக்குத்தான். பிறகு 600,000 வரை 17, அதற்கு மேல் 24.

எஸ்.எஸ்.எம். எனும் நிறுவன ஆணையத்தில் தனி உரிமையாளராகப் பதிந்த நம் கடைகளுக்குத் தனிநபர் வரிதான். வருத்தப்பட ஒன்றுமில்லை. வரிக் கழிவுகள் போக 100,000 ரிங்கிட் நின்றால் வரி 9,400. நிறுவனமாக இருந்தால் 15,000! இதில் கம்பெனிச் செயலாளர் கட்டணம் வேறு.

இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி திட்டமும் கடன்தான், மானியம் அல்ல. வாங்குமுன் தவணையைக் கணக்கிடுங்கள். ரசீதுகளை ஏழாண்டுகள் வைத்திருங்கள். பிஸ்கட் டின்னில் வைத்தாலும் சரி.